பர்மிய மாணவர்களுக்கான உதவித்தொகை: கடிதமும் பதிலும்

ஐயா,

லண்டனில் கணக்குத் துறையில் பணியாற்றுகிறேன். 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் எங்களுடையது. பர்மிய மாணவர்களின் உயர்கல்விக்கு உதவும் ப்ராஸ்பெக்ட் பர்மா என்ற அறக்கட்டளைக்கு மாதந்தோறும் ஒரு தொகை அளிக்க நினைக்கிறேன். ஆனால் இப்படிப் படித்தவர்களில் பலர் நாடு திரும்புவதில்லை என்கிறார்கள். அப்படியானால் இதனால் பர்மாவுக்கு என்ன பயன்? மேலும், ஆங் சான் சூ கீயின் பெயரோடு தொடர்புடைய அமைப்பு இது. ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் அவர் நடந்துகொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். உங்கள் முதல் கேள்வி உதவித்தொகையைக் கடனாகப் பார்க்கிறது. மாணவர் திரும்பிவந்தால் வசூல், வராவிட்டால் வாராக்கடன். கணக்குத் துறையில் இருப்பவர் அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் அந்த நாட்டில் ராணுவத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்தக் கணக்கு பொருந்தாது என்பது புரியும்.

ரங்கூன் பல்கலைக்கழகம் 1920இல் தொடங்கிய அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1936இல் நடந்த வேலைநிறுத்தத்திலிருந்துதான் சூ கீயின் தந்தை ஆங் சானும், பின்னாளில் பிரதமரான ஊ நூவும் தலைவர்களாக எழுந்தார்கள். வளாகத்தில் என்ன விளையும் என்பது ராணுவத் தளபதி நே வின்னுக்குத் தெரிந்திருந்தது. 1962 மார்ச்சில் அவர் ஆட்சியைக் கைப்பற்றினார். ஜூலை 7 அன்று ராணுவம் மாணவர்களைச் சுட்டது. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1988 எழுச்சியைத் தொடங்கியவர்கள் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். அதன்பின் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன. 1996 டிசம்பர் போராட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானவை மீண்டும் மூடப்பட்டு, 2000இல்தான் திறந்தன. திறந்தபோதும் இளநிலை மாணவர்கள் நகருக்கு வெளியே வெகுதொலைவிலிருந்த வளாகங்களுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். ரங்கூனின் பழைய வளாகத்துக்கு இளநிலை வகுப்புகள் திரும்பியது 2013 இறுதியில். ஆசிரியராகியிருக்க வேண்டிய ஒருவர் ஆகவில்லை என்றால், அவரிடம் படித்திருக்க வேண்டியவர்களும் படிக்கவில்லை என்று பொருள். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

1988 எழுச்சி ஒடுக்கப்பட்ட மறு ஆண்டு, 1989இல், ப்ராஸ்பெக்ட் பர்மா தொடங்கப்பட்டது. உள்நாட்டில் கல்வி நின்றுபோன இடைவெளியில், வெளியே எங்காவது ஒரு தலைமுறை படித்துக்கொண்டிருக்கட்டும் என்பதே இத்தகைய அமைப்புகளின் அடிப்படை நோக்கம் என நான் புரிந்துகொள்கிறேன்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகிவிட்டது. ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ராணுவத்தின் கீழ் இயங்கும் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று விலகிய மாணவர், வெளிநாட்டில் சேர்வதற்கான மதிப்பெண் சான்றிதழைக் கேட்டு அதே கல்லூரி அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டும். எனவே தாய்லாந்து எல்லையில் மே சோட்டிலும், சியாங் மாயிலும் பலர் ஜி.இ.டி. என்னும் அமெரிக்கப் பள்ளியிறுதிச் சமானத் தேர்வை எழுதிவிட்டுக் கல்லூரிக்கு முயல்கிறார்கள். உதவித்தொகை என்றவுடன் நாம் கல்விக் கட்டணத்தை மட்டும் நினைக்கிறோம். பாதிப் போராட்டம் அதற்கு முன்பே, ஆங்கிலத்தோடும் காலாவதியாகும் கடவுச்சீட்டோடும் அறை வாடகையோடும் முடிந்துவிடுகிறது.

இனி, திரும்புவது பற்றி. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களும் 18 முதல் 27 வரையிலான பெண்களும் அதற்குள் வருகிறார்கள். மருத்துவர், பொறியாளர் போன்ற தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இந்த வரம்பு ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 35. அப்படிப் படித்துவிட்டு வரும் ஆண்களை அந்தச் சட்டம் இன்னும் பத்தாண்டுகளும், பெண்களை எட்டாண்டுகளும் கூடுதலாகத் துரத்தும். இந்நிலையில் நாடு திரும்ப வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் அறக்கட்டளை இருந்தால் அதற்கு நான் ஒரு பைசாவும் தர மாட்டேன்.

திரும்பாமலும் ஒருவர் தன் மக்களுக்குப் பயன்படலாம். 1988இல் மே சோட்டுக்குத் தப்பிவந்த கரேன் இனத்தைச் சேர்ந்த மருத்துவர் சிந்தியா மாங் மறு ஆண்டே அங்கு மே தாவ் மருத்துவமனையைத் தொடங்கினார். எல்லையைக் கடந்துவரும் நோயாளிகளுக்கு அங்கே சிகிச்சை கிடைக்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பர்மாவுக்குள் திரும்பிச் செல்கிறார்கள். அவர் உதவித்தொகையில் வெளிநாடு சென்று படித்தவரல்லர். ஆனால் உங்கள் கணக்குப்படி அவரும் வாராக்கடன்தான்.

சூ கீ குறித்த உங்கள் மனவருத்தம் நியாயமானது. 1991இல் அவர் பெற்ற நோபல் பரிசுத் தொகை பர்மிய மக்களின் கல்விக்கு வழங்கப்பட்டதும் உண்மை. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடிய பின், 2019இல் ஹேக் நீதிமன்றத்தில் இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து அவரே வாதாடியதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. பெயரைவிட இன்று உதவித்தொகை யாருக்குப் போகிறது என்பதே முக்கியம். 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ரோஹிங்கியாக்களுக்கு, 2012 கலவரத்துக்குப் பிறகு, அவர்கள் வாழும் ராக்கைன் மாநிலத்தின் சித்வே பல்கலைக்கழகமும் மூடப்பட்ட கதவாயிற்று. விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டு கட்டாயம் என்று ஓர் அமைப்பு சொன்னால், எவரையும் வெளிப்படையாக விலக்காமலேயே அவர்களை விலக்கியதாகிவிடும். குடியுரிமை அட்டை இல்லாதவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று அறக்கட்டளைக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். நன்கொடையாளருக்கு அந்த உரிமை உண்டு.

அவர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு பர்மிய மாணவர்களுக்கான 4.5 கோடி டாலர் உதவித்தொகைத் திட்டத்தை ஒரே ஆணையில் நிறுத்தியது. தென்கிழக்காசிய நாடுகளில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதே படிப்பு முடியும்வரைக்குமான பணத்தை ஒதுக்கிவைக்கிறார்களா, அல்லது அந்தந்த ஆண்டு வரவை நம்பியிருக்கிறார்களா என்பது ஆண்டறிக்கையைப் பார்த்தால் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதில்கள் திருப்தியளித்தால், ஒரே தவணையாகப் பெருந்தொகை தருவதைவிட நீங்கள் நினைத்தபடி மாதந்தோறும் தருவதே நல்லது; அடுத்த ஆண்டில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று அவர்களால் திட்டமிட முடியும். பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவர் என்பதால் கிஃப்ட் எய்ட் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.