த்ரோ இன் கோலும் ஒரு மஞ்சள் கார்டும்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். பாளையங்கோட்டையில் நடந்த ஆட்டத்தில் எதிரணிப் பையன் எங்கள் டிஃபென்டர்களைத் தாண்டி நின்று, த்ரோ இன்னை (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) வாங்கி கோல் அடித்தான். ‘ஆஃப்சைடு’ (டிஃபென்டர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தை வாங்கும் தவறு) என்று கத்தினேன். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. ரெஃபரி எனக்கு மஞ்சள் கார்டு காட்டினார். அடுத்த மாதமும் அவர்தான் வருகிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, அது சரியான கோல்தான். த்ரோ இன், கோல் கிக் (தற்காக்கும் அணி தன் கோல் முன்னாலிருந்து உதைப்பது), கார்னர் கிக் மூன்றிலும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. வாங்கியவன் அடுத்தவனுக்குத் தட்டினால் அங்கிருந்து ஆஃப்சைடு உண்டு. கார்டும் செல்லும். 2019 முதல் பயிற்சியாளருக்கும் கார்டு காட்டலாம். பெஞ்சில் கத்தியது யார் என்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்குத்தான் கார்டு. உதவியாளர்களையும் அடக்கி வையுங்கள்.

ரெஃபரியிடம் எதைக் கேட்கலாம் என்பதுதான் முக்கியம். பந்து கோட்டைத் தாண்டியதா, தள்ளினானா என்பதெல்லாம் அவர் கண்ணால் கண்டு சொல்வது. அதில் அவர் முடிவே இறுதி, வாதாடி லாபமில்லை. விதியையே மாற்றிச் சொன்னால் கேட்கலாம். த்ரோ இன் யார் மேலும் படாமல் எதிரணி கோலுக்குள் போனால் கோல் கிக்தான். அதற்குக் கோல் கொடுத்தால் சும்மா இருக்காதீர்கள். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃபரியே நினைத்தாலும் மாற்ற முடியாது. அதனால் கேப்டனைப் பழக்குங்கள். “சார், யார் மேலும் படவில்லையே, கோல் கிக்தானே?” என்று அவன் உடனே, மரியாதையாகக் கேட்கட்டும். விதி தெரிந்து கேட்கிற அணியை எந்த நல்ல ரெஃபரியும் மதிப்பார்.

விதிகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் என்பது 2025-இல் வந்தது. ரெஃபரி புதிய புத்தகத்தையும் நீங்கள் பழையதையும் வைத்துக்கொண்டு நின்றால் சண்டைதான் வரும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே போய்ப் பேசுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை பேரை மாற்றலாம், இந்த 8 விநாடி விதி உண்டா? அப்போதே, “அன்று விதி தெரியாமல் கத்திவிட்டேன் சார்” என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ரெஃபரிகள் அதோடு விட்டுவிடுவார்கள். ஆட்டம் முடிந்தும் சந்தேகம் இருந்தால், பையன்களும் பெற்றோரும் சூழ நிற்கும்போது வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து, தனியாகப் போய்க் கேளுங்கள்.