30-ஐத் தாண்டினால் போதுமா?

கேள்வி: நான்கு தொட்டிகளில், தொட்டிக்கு எட்டாக, 32 நெல் நாற்றுகளை வளர்த்திருக்கிறேன். அவற்றின் சராசரி உயரம் 15 செ.மீ.யிலிருந்து வேறுபடுகிறதா என்பதை ஒரு-மாதிரி டி-சோதனையால் அறிய வேண்டும். மாதிரி 30-க்கு மேல் இருப்பதால் நிபந்தனை எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். சரிதானா?
– முதுகலைத் தாவரவியல் மாணவி

பதில்: சரியன்று. மதிப்புகள் சமவாய்ப்பு முறையில், ஒன்றையொன்று சாராமல் கிடைத்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அவை வந்த தொகுதி ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் சீராகக் குறையும் மணி வடிவில்) இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. மாதிரி பெரிதாகும்போது தளர்வது இரண்டாவது மட்டுமே. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய கோசெட், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இச்சோதனைக்கு அடித்தளமிட்டதே சிறிய மாதிரிகளுக்காகத்தான் என்பதால், 30 என்பது அதற்குள் நுழையும் வாசலும் அன்று.

உங்கள் சிக்கல் முதல் நிபந்தனையில் இருக்கிறது. ஒரே தொட்டியின் மண்ணையும் நீரையும் வெளிச்சத்தையும் பகிர்ந்துகொண்ட எட்டு நாற்றுகள் ஒன்றுபோல் வளர வாய்ப்புண்டு. அப்படியானால் 32 அளவீடுகள் 32 தனித்தனிச் சாட்சிகள் ஆகா. அவற்றைத் தனித்தனியாகக் கொண்டு கணக்கிட்டால் திட்டப் பிழை (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இல்லாத வேறுபாடு இருப்பதாகவும் முடிவு வரலாம். எந்த நாற்று எந்தத் தொட்டியில் வளர்ந்தது என்பதை நீங்கள் சொல்லாதவரை கணினிக்கு இது தெரியாது. ஒவ்வொரு தொட்டியின் சராசரியையும் ஒரு மதிப்பாகக் கொண்டு நான்கு மதிப்புகளால் சோதிப்பதே நேர்மையான எளிய வழி. அப்போது, இருபக்கச் சோதனையில், வேறுபாடு உண்டு என்று சொல்ல டி-மதிப்பு (சராசரியின் விலகலைத் திட்டப் பிழையால் வகுத்தது) தாண்ட வேண்டிய, 5% அளவுக்குரிய எல்லை 2.040-லிருந்து 3.182 ஆக உயரும். அடுத்த முறை தொட்டிகளைக் கூட்டி, நாற்றுகளைக் குறையுங்கள்.

இயல்நிலையைப் பொறுத்தவரை, மதிப்புகளைப் புள்ளிப் படமாக வரைந்து பார்ப்பதே முதல் வேலை. அயல் மகரந்தச் சேர்க்கையிலும் தன்மகரந்தச் சேர்க்கையிலும் பிறந்த மக்காச்சோளச் செடிகளை இணை இணையாக வளர்த்து டார்வின் 1876-இல் வெளியிட்ட உயரங்களை எடுத்துக்கொள்வோம். 15 இணைகளின் வேறுபாடுகளில் (அயல் உயரத்திலிருந்து தன் உயரத்தைக் கழித்தால்) 13 நேர்மதிப்புகள். மற்ற இரண்டும், அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால், −67, −48 என வெகுதொலைவில் கிடக்கின்றன. டி-மதிப்பு 2.148, எல்லை 2.145. அந்த இரண்டையும் நீக்கினால் டி-மதிப்பு ஏறத்தாழ 5.5-க்குத் தாவும் என்றாலும், கருதுகோளுக்கு எதிராக நிற்கின்றன என்பதற்காக மட்டும் எந்த மதிப்பையும் நீக்கக் கூடாது. 1935-இல் வெளிவந்த தம் நூலில் புள்ளியியலாளர் ஃபிஷர், இயல்நிலையைக் கருதாமல், கூட்டல் கழித்தல் குறிகள் அமையக்கூடிய 32,768 வகைகளையும் கணக்கில் கொண்டு 5.27% என்ற நிகழ்தகவைப் பெற்றார்; டி-சோதனை தருவது 4.97%. 5% கோட்டின் இருபுறமும் விழுந்தாலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. (டார்வினின் 15 இணைகளும் நான்கு தொட்டிகளில்தான் வளர்ந்தன என்பதையும் கவனியுங்கள்.)

கேள்வி: படம் எதற்கு? இயல்நிலையைச் சோதிக்கும் ஷாப்பிரோ–வில்க் சோதனை போதாதா?
– புள்ளியியல் மாணவர்

பதில்: போதாது. மாதிரி சிறிதாக இருந்து இயல்நிலை உண்மையில் முக்கியமாகும்போது அச்சோதனை பெரும்பாலும் கோளாறைக் கண்டுபிடிக்காது. மாதிரி மிகப் பெரிதாகிச் சிறு கோணல் பொருட்டில்லாதபோது அதையே பெரிதுபடுத்தும்.