பழைய ரேசருக்குப் புதுச் சாமான்: கேள்வியும் பதிலும்

பழைய ரேசர் சைக்கிளை வாங்கிப் புதுச் சாமான் போட்டுக் கட்டுறதைப் பற்றி எங்கட பக்கத்தால கன பேர் கேட்டிருந்தீங்கள். எல்லாருக்கும் இதிலயே பதில் எழுதுறன்.

கொக்குவில் தம்பி: அண்ணை, ஜப்பானால வந்த இரும்பு பிறேம் ரேசர் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஆறு கியர். முதல்ல என்ன சாமான் வாங்கிறது?

ஒண்டும் வாங்காதையுங்கோ தம்பி. முதல்ல பிறேமைப் பாருங்கோ. ஹான்டில் தண்டுக்குக் கீழ, முன் குழாயோட மற்றக் குழாயள் சேருற இடத்தைக் கையால தடவுங்கோ. பெயின்ற் வெடிச்சிருந்தா, அல்லது விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டா, எங்கயோ முன்னால மோதின சைக்கிள். விட்டிட்டு வாங்கோ.

அடுத்தது, சீற் தண்டு அசையுதோ? எங்கட உப்புக்காத்தில அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள்ள இறுகிப்போய் நிக்கும். வெளிக்கறளைத் தேய்க்கலாம், இது அப்பிடியில்லை. இறுகியிருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. போல்ற்றைக் கழட்டி, ஊடுருவுற எண்ணெய் விட்டு நாலைஞ்சு நாள் பொறுத்துத் திருப்பிப் பாருங்கோ. அவசரப்பட்டு பிறேமைப் பிடிச்சு முறுக்க வேண்டாம், மெல்லிய குழாய் நெளிஞ்சுபோகும்.

இந்த ரெண்டும் சரியெண்டா, அடிமட்டமும் வேர்னியரும் எடுத்து மூண்டு அளவை எழுதுங்கோ: பின் சில்லுப் பூட்டுற இடத்தின்ர உள் அகலம், பி.பி. குழாயின்ர (பெடல் அச்சுச் சுத்துற கீழ்க் குழாய்) அகலம், சீற் தண்டின்ர விட்டம். இந்தக் கடதாசி கையில இல்லாமல் கடைக்குப் போறது காசை எறியிற வேலை.

மானிப்பாயிலிருந்து ஒருவர்: எட்டுக் கியர்ச் சில்லு புதுசா வாங்கினன், பிறேமுக்குள்ள இறங்குதில்லை. சில்லை மாத்தவோ?

உங்கட பிறேம் 126 மில்லிமீற்றராத்தான் இருக்கும். ஆறு, ஏழு கியர்ப் பிறேமுகளின்ர அளவு அது. எட்டுக் கியர் ரேசர்ச் சில்லு 130. இரும்பு பிறேமெண்டா பயமில்லை, பக்கத்துக்கு 2 மில்லிமீற்றர் விரிக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரேயளவா விரியவேணும். அதைப் பாக்க ஒரு நூல் போதும். பின்பக்க ஒரு பூட்டுத் தகட்டில கட்டி, முன் குழாயைச் சுத்திக் கொண்டுவந்து மற்றத் தகட்டில கட்டுங்கோ. சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையில ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேணும். விரிச்ச பிறகு தகடுகள் ஒண்டுக்கொண்டு நேராவும் நிக்கவேணும், பின் கியர் மாத்தி தொங்குற, பிறேமின்ர காதையும் நேராக்கவேணும். இல்லையெண்டா கியர் ஒருநாளும் ஒழுங்கா விழாது.

அலுமினியம், காபன் பிறேமை இப்பிடி விரிக்கவே கூடாது. வெடிச்சுப்போகும்.

சாவகச்சேரி அண்ணை: கடைக்காரர் பி.பி.யின்ர வலப்பக்கக் கப்பைக் கழட்டப் பாத்தார், இன்னும் இறுகுது.

மரை எதிர்ப்பக்கம் அண்ணை. ஜப்பான் பிறேமுகளில அநேகமா இங்கிலீசு மரைதான், குழாய் அகலம் 68 மில்லிமீற்றர். அதில வலப்பக்கக் கப்பை மணிக்கூட்டு முள்ளுச் சுத்துற பக்கமாத் திருப்பினாத்தான் கழரும், இடப்பக்கம் வழமை மாதிரி. இத்தாலி பிறேமெண்டா அகலம் 70, ரெண்டு பக்கமும் வழமையான மரை. அகலத்தை அளக்கச் சொன்னது இதுக்குத்தான். புது பி.பி. போடேக்க மரைக்குக் கிறீஸ் தாராளமாப் பூசுங்கோ.

நல்லூர் தங்கச்சி: என்ர ரிம்மில 27 எண்டு இருக்கு. பெரிய சைக்கிளின்ர 28 ரயர் போடலாமோ?

வேண்டாம் தங்கச்சி. 27இன்ர ரிம் அளவு 630 மில்லிமீற்றர், பெரிய சைக்கிளின்ர 28 x 1½ ரயர் 635. காத்தடிக்கத் தொய்ஞ்சு ரயர் கழண்டு வரும். ரயரின்ர பக்கத்தில பொறிச்சிருக்கிற இந்த மூண்டு இலக்க எண்ணை மட்டும் நம்புங்கோ. சில்லு எப்பிடியும் மாத்துறதெண்டா 700சி வாங்குங்கோ. அதின்ர அளவு 622. பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழ இறங்கவேணும், உங்கட பிறேக் அவ்வளவு இறங்குதோ எண்டு முதல்ல பாருங்கோ. ரயருக்கு இடமும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எங்கட ஒழுங்கையளுக்கு 28 மில்லிமீற்றர் அகல ரயர் நல்லது.

வேலணை அண்ணை: இஞ்ச என்ன கியர் அளவு சரி?

மலையில்லாத ஊர், ஆனா சோளகம் இருக்கே. பண்ணைப் பாலத்தில எதிர்க்காத்தில மிதிச்ச ஆருக்கும் தெரியும், கியருக்குக் கியர் வித்தியாசம் கூடினா கால் தாளம் தப்பிப்போகும். அதால பின்னுக்கு 32 பல்லுப் பெரிய கசெற் (பின் சில்லின்ர பல்லுச் சக்கரக் கட்டு) வேண்டாம். 13-26 எடுங்கோ, சின்னப் பக்கத்தில 13, 14, 15 எண்டு ஒவ்வொரு பல்லாக் கூடும். முன்னுக்குப் பழைய 52/42 பல்லுச் சக்கரங்கள் இருந்தா அதையே வைச்சிருங்கோ. பிறேமில இருக்கிற பழைய இழுவைக் கியர்ப் பிடியையும் (கிளிக் எண்டு நிக்காத பிடி) எறியாதையுங்கோ, அது எத்தினை கியரோடயும் வேலை செய்யும். பத்து, பதினொண்டு கியருக்கு இந்தப் பிறேமில ஆசைப்படத் தேவையில்லை. எட்டுக் கியர்ச் செயின் விலையும் குறைவு, ஆறு ஏழுக்கும் அதே செயின்தான்.

அச்சுவேலியிலிருந்து ஒருவர்: புதுச் செயின் போட்டன், மிதிக்க வழுக்குது.

பல்லு தேஞ்சிட்டுது. செயினை 12 அங்குலத்துக்கு அளக்கிறது வழக்கமா இருக்கட்டும். ஆணிக்கு ஆணி 1/16 அங்குலம் கூடினா செயினை மட்டும் மாத்துங்கோ. 1/8 கூடும்வரை ஓடினா கசெற்றும் சேத்துத்தான்.

வல்வெட்டித்துறைத் தம்பி: பிறேக் பழசையே பாவிக்கலாமோ?

இரும்பு, அலுமினியப் பகுதி நல்லாயிருந்தாப் பாவிக்கலாம். கம்பியும் ரப்பர்க் கட்டையும் கட்டாயம் புதுசு. இதில மட்டும் காசு பாக்காதையுங்கோ.

காரைநகர் அக்கா: கடற்கரையால ஓடி வந்து தேங்காயெண்ணெய் பூசலாமோ?

முதல்ல நல்ல தண்ணியாலக் கழுவித் துடையுங்கோ அக்கா. போல்ஸ் (உருளுற இரும்புக் குண்டுகள்) இருக்கிற இடங்களுக்கு வேகமாப் பீச்ச வேண்டாம். தேங்காயெண்ணெய் குளிர் விடியலில உறைஞ்சு மண்ணைப் பிடிக்கும். செயினுக்கு மெசின் ஒயில் சொட்டுச் சொட்டா விட்டு, மிச்சத்தைத் துணியால துடையுங்கோ.

கொக்குவில் தம்பி திரும்பவும்: பெயின்ற் எப்ப அடிக்கிறது?

விரிக்கிறது, காது நேராக்கிறது எல்லாம் முடிஞ்ச பிறகு, சாமான் பூட்ட முன்னம். பி.பி. மரையையும் முன் குழாயின்ர ரெண்டு வாயையும் ரேப்பால மூடிக் குடுங்கோ. குழாய்க்குள்ள ஒயில் விசிறிப் போட்டுத்தான் பூட்டத் தொடங்கவேணும். எங்கட ஊரில பிறேம் உள்ளுக்கால தான் கறள் பிடிக்கிறது.