மூணு வயசுப் பிள்ளைகளுக்குக் கொடி செய்ய: மன்னார்குடி சகோதரிக்கு

சகோதரி, அங்கன்வாடியில் 20 பிள்ளைகள், ஆகஸ்ட் 15க்குக் கைவேலை வேணும், போன வருஷம் வாங்கின காகிதக் கொடியெல்லாம் மத்தியானமே குப்பையில் கிடந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. கடைக்கொடியை விடுங்க.

நம்ம பக்கம் எல்லார் வீட்டிலும் பச்சைப்பயறு இருக்கும். அது பச்சை, அரிசி வெள்ளை, மைசூர்ப் பருப்பு காவி. பழைய அட்டையில் மூணு பட்டை போட்டு, மைதாப் பசையை நீங்களே தடவிடுங்க. பிள்ளைகள் ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டட்டும். காவிதான் மேலேன்னு முதல்லயே சொல்லிடுங்க. இதில் ஒரே பயம், மூக்கில் பயறு போட்டுக்கும்! என் மவன் போட்டுக்கிட்டு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதனால நாலு நாலு பேரா, நீங்க பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைங்க.

சக்கரத்துக்கு 24 ஆரமும் வரையச் சொல்லாதீங்க, பாவம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி நீலச் சாயத்தில் தொட்டு நடுவில் ஒரு முத்திரை, போதும். பூ மாதிரி விழும், அதுவும் அழகுதான்.

கதைக்கு வேற ஊர் தேட வேண்டாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக்காக நடந்தவங்க உங்க மன்னார்குடி வழியாத்தான் போனாங்க. கல்லுப்பைத் தண்ணியில் கரைச்சுத் தட்டில் ஊத்தி வெயிலில் வைங்க. ரெண்டு மூணு நாளில் தண்ணி வத்தி உப்புப் பூக்கும். பிள்ளைகள் நக்கிப் பார்க்கும், பார்க்கட்டும்.