ஸ்பெஷல் செய்யட்டுமா, அக்கா?

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் முடித்திருக்கிறேன். புவியியலில் ஸ்பெஷல், அதாவது நாலு வருடச் சிறப்புப் பட்டம், செய்யத் தகுதி கிடைத்திருக்கிறது. ஜிபிஏ 3.1. அம்மா கச்சான் போட்டுத்தான் என்னையும் தம்பியையும் படிப்பிக்கிறார். தம்பிக்கு இந்த வருடம் ஓ.எல். "மூன்று வருடத்தில் முடித்து ஒரு வேலையில் ஏறு பிள்ளை" என்கிறார் அம்மா. என்னோடு அறையில் இருப்பவர்களும் ஜெனரல்தான் செய்யப் போகிறார்கள். எனக்கு ஆய்வும் பயம், ஆங்கிலமும் பயம். ஆனால் விடவும் மனமில்லை. படிவம் கொடுக்க இரண்டு கிழமைதான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, "விடவும் மனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். படிவத்தைக் கொடுங்கள். ஆனால் என்ன வேலையைத் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

முதலில் அம்மா சொல்வதை எடுப்போம், ஏனென்றால் அவர் சொல்வதில் பிழையில்லை. ஜெனரல் பட்டம் மூன்று வருடம், 90 கிரெடிட். ஸ்பெஷல், அதாவது இப்போது 'ஹொனர்ஸ்' பட்டம் என்று சொல்லப்படுவது, நாலு வருடம், 120 கிரெடிட். அரச வேலைகள் பலவற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் இருந்தால் சரி, ஸ்பெஷலா ஜெனரலா என்று கேட்பதில்லை. வேலைதான் நோக்கமென்றால் ஒரு வருட அறை வாடகை, சாப்பாடு, மாங்குளத்தால் போய்வரும் பஸ் காசு, அதோடு அந்த வருடம் உழைத்திருக்கக்கூடிய சம்பளம், எல்லாம் கையை விட்டுப் போகும் காசுதான். நாலு வருடம் என்பதும் பீடத்தின் கைநூலில்தான். வேலைநிறுத்தம், பரீட்சை பிந்துவது என்று அது இழுபட்ட கதைகள் அம்மாவின் காதுக்கும் எட்டியிருக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே நாலு வருடம். கலைப்பீடத்துப் பிள்ளைதான் இருபத்தொரு வயதில், பெறுபேறு வந்த கையோடு, இதை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் நாலாம் வருடம் எதற்கு? பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராக வர விரும்பினால் பொதுவாக வகுப்புச் சித்தியோடு ஸ்பெஷல் வேண்டும். முதுதத்துவமாணி (எம்.பில்) ஆய்வுக்கு நேரே போகவும் அதுதான் சுகமான வழி. ஆனால் எல்லாரும் விரிவுரையாளராக வரப்போவதில்லை. என்னைக் கேட்டால், நாலாம் வருடத்தின் பெறுமதி அந்த ஆய்வுதான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் இருந்து, வேறு யாரும் சொல்லித்தராத ஒரு பதிலை நீங்களாகக் கண்டுபிடிக்கிறீர்கள்.

என் ஆய்வுக்கு நான் எடுத்தது எங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் குளம். முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். அங்கே போய்க் கேட்டால் பழைய கோப்புகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. "கமக்கார அமைப்புச் செயலாளர் ஐயாவைக் கேட்டுப் பாருங்கோ" என்று அனுப்பினார்கள். ஐயா ஒரு ஷொப்பிங் பையை அவிழ்த்து மூன்று சீ.ஆர் கொப்பிகளை எடுத்து வைத்தார். மீள்குடியேறிய நாளிலிருந்து எழுதி வந்திருக்கிறார். திகதி, துருசு (குளத்து மதகு) எத்தனை திருப்புத் திறந்தது, எப்போது பூட்டியது, வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எந்த நாளில் போய்ச் சேர்ந்தது. இடையிடையே நெல் விற்ற விலை, பேத்திக்கு ஊசி போட்ட நாள். ஒரு பக்கத்தில் மழை பட்டு நீல மை பரவி, "அரைத் திருப்பு" என்பது மட்டும்தான் தெரிந்தது. நாலு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். கடைசி வயல்கள் காய்ந்தது குளத்தில் தண்ணீர் இல்லாமல் அல்ல, வாய்க்கால் துப்புரவு பிந்தியதால் என்று அந்தக் கொப்பிகள்தான் காட்டின. அதை ஐயாவிடம் சொன்னபோது, அடுத்த கூட்டத்தில் வந்து எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். போய்ச் சொன்னேன்.

ஆனால் ஒரு பெரிய பிழையும் விட்டேன். நாலாம் வருடம் தொடங்கிய பிறகுதான் தலைப்பைத் தேடினேன். அதற்குள் சிறுபோகம் முடிந்துவிட்டது. துருசு திறப்பதை நேரில் பார்க்க அடுத்த சிறுபோகம் வரை காத்திருந்து, ஆய்வேட்டைப் பிந்தித்தான் கொடுத்தேன். வன்னியில் களவேலை மழையின் கலண்டரில்தான் ஓடும். மார்கழியில் குளம் நிரம்புவதைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த மார்கழிக்கு முன்பே தலைப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலேயே தலைப்பையும் மேற்பார்வையாளரையும் பேசி முடியுங்கள். மேற்பார்வையாளரைப் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் வாசித்துத் திருப்பித் தருவார் என்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாசிக்காதவரிடம் போய் மாட்டினால் வருடமே போய்விடும்.

ஆய்வு பயம் என்கிறீர்கள். அளந்து பார்த்தால் பயம் குறையும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலம், ஆய்வுக்கு ஒரு கிரெடிட் என்றால் குறைந்தது 100 மணித்தியாலம். உங்கள் துறையில் ஆய்வுக்கு 6 கிரெடிட் என்று வையுங்கள், 600 மணித்தியாலம். நாளுக்கு நாலு மணித்தியாலப்படி 150 நாள். செய்யக்கூடியதுதான், கடைசி இரண்டு மாதத்துக்குள் அடைக்கத்தான் முடியாது.

ஜிபிஏயையும் இப்படியே பாருங்கள். வழமையாக முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30. உங்கள் பீடத்தில் முதலாம் வருடத்தையும் சேர்த்துச் சமமாகக் கணக்கிடுவார்களென்றால், 3.1இல் இருந்து 3.30ஐத் தொட மீதி 90 கிரெடிட்டிலும் சராசரி 3.37 வேண்டும். பீ பிளஸுக்கு 3.30, ஏ மைனஸுக்கு 3.70 தருகிறார்கள். அதாவது பெரும்பாலும் பீ பிளஸ், இடையில் சில ஏ மைனஸ். எட்டக்கூடிய தூரம். ஆனால் ஒரு பாடமும் விழக்கூடாது. திரும்ப எழுதும் பாடத்துக்குப் பொதுவாக 'சீ' (C) தரத்துக்கு மேல் கிடைக்காது.

ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். கிழமைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை, அதிலும் முதலில் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசியுங்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் மழைக்கும் உரிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆறு மாதத்தில் அவை பழகிவிடும். அறையில் இருப்பவர்கள் ஜெனரல் செய்யட்டும், அவர்களுக்கு அவர்கள் வீட்டு நியாயம் இருக்கும். உங்கள் துறையில் ஸ்பெஷல் எடுக்கும் இன்னும் இரண்டு பேரைப் பிடித்துச் சேர்ந்து வாசியுங்கள்.

இந்த இரண்டு கிழமைக்குள் இரண்டு விசயம் கேட்டறியுங்கள். மகாபொலப் புலமைப்பரிசிலோ பர்சரி உதவிப்பணமோ வருகிறதென்றால் நாலாம் வருடத்துக்கும் தொடருமா? இடையில் வீட்டில் இயலாமல் போனால் மூன்று வருடத்தோடு ஜெனரல் பட்டம் எடுத்து வெளியேற வழி உண்டா? இரண்டாவது கைநூலில் இருக்கும். இருந்தாலும் பீட அலுவலகத்தில் நேரே கேட்டு, சொன்னதை எழுதி வையுங்கள். அம்மாவுக்குத் தைரியம் தரக்கூடியது அந்தப் பதில்தான்.

அப்புறம் வீட்டுக்குப் போய் அம்மாவோடு இருந்து செலவுக் கணக்கைப் பேசுங்கள், ஒன்றையும் ஒளிக்காமல். தம்பியின் ஏ.எல் வகுப்புக் காசும் அதே வருடங்களில்தான் வரும், அதையும் சேர்த்துப் போடுங்கள். கணக்கு முடிந்த பிறகு, மழை பிந்தி வந்து கச்சான் அழிந்தது எந்தெந்த வருடம் என்று அம்மாவிடமே கேளுங்கள். அவருக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கும். ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தடித்த மட்டை போட்ட சீ.ஆர் கொப்பியாக வாங்குங்கள், மழைக்குக் கொஞ்சம் தாங்கும்.