ஐபி முகவரியை நாமே பதிப்பது: முதலில் ரவுட்டரிடம் கேளுங்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு விண்டோஸ் கணினிகளும் ஒரு வைஃபை பிரிண்டரும் இருக்கின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பல நேரம் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்தால் சரியாகும் என்றார்கள். ஒரு கணினியில் 192.168.0.50 என்றும், கேட்வே 192.168.1.1 என்றும் போட்டேன். ஏதோ எச்சரிக்கை வந்தது, 'யெஸ்' கொடுத்துவிட்டேன். இப்போது அதில் இணையமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: கணினியில் கோளாறு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். அந்த எச்சரிக்கை சரியான விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறது. சப்நெட் மாஸ்க், அதாவது முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண், 255.255.255.0 என்றால், முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவை மட்டுமே ஒரே நெட்வொர்க். உங்கள் ரவுட்டர் 192.168.1 தெருவில் இருக்கிறது. கணினியை நீங்கள் 192.168.0 தெருவில் குடிவைத்துவிட்டீர்கள். வெளியே போகும் வாசலான கேட்வே, அதாவது ரவுட்டர், பக்கத்துத் தெருவில் இருந்தால் கணினி எப்படிப் போகும்?

முதலில் ஐபி அமைப்பை 'ஆட்டோமேட்டிக்' நிலைக்கே மாற்றி இணையத்தை வரவையுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் சர்வர் (இணையதளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் நீங்கள் மாற்றப்போவது முகவரியின் கடைசி எண்ணை மட்டும்தான். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி, வருகிற கருவிக்கெல்லாம் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறது. குத்தகை முடிந்தாலோ, ரவுட்டர் பழைய கணக்கை மறந்தாலோ, பிரிண்டரின் எண் ஒரு செல்போனுக்குப் போய்விடலாம். கணினி பழைய எண்ணிலேயே பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் 'ஆஃப்லைன்' பெரும்பாலும் இதனால்தான். ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குள்ளேயே ஓர் எண்ணை நீங்கள் எடுத்துக்கொண்டால் இதே மோதல் வேறு ரூபத்தில் வரும். பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்து பார்த்தேன், பதில் இல்லை, அதனால் காலி என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணுக்குரிய கருவி அப்போது அணைந்து கிடக்கலாம், ஃபயர்வால் பதிலைத் தடுக்கலாம்.

ஆகவே பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் நுழையுங்கள். டிஎச்சிபி பகுதியில் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருக்கும். அது 2 முதல் 254 வரை மொத்தத்தையும் வளைத்துப் போட்டிருந்தால், முடிவை 199 ஆகக் குறையுங்கள். 200 முதல் 254 வரை இனி உங்கள் கையில். பிரிண்டருக்கு 192.168.1.210, கணினிக்கு 192.168.1.211 என்று வைத்துக்கொள்ளலாம். 0, 255 இரண்டையும் தொடாதீர்கள், அவை நெட்வொர்க்கின் சொந்த உபயோகத்துக்கு.

விண்டோஸ் 10-இன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. 'சப்நெட் பிரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்கும் இடத்தில் 255.255.255.0 என்று போட்டால் சேமிக்காமல் திருப்பி அனுப்பும். அங்கே வெறும் 24 என்று போட வேண்டும், இரண்டும் ஒன்றேதான்.

டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். முகவரியை நாமே பதிக்கும்போது ரவுட்டர் அதைச் சொல்லித் தராது. தாளில் எழுதிய எண்ணையே போடுங்கள். சேமித்தபின் முதலில் 192.168.1.1-ஐயும், அடுத்து இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-ஐயும் பிங் செய்யுங்கள். முதலாவதே வரவில்லை என்றால் முகவரியோ மாஸ்க்கோ தப்பு. முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் கேட்வேயைப் பாருங்கள். இரண்டும் வந்தும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்தான்.

இன்னொன்று. உண்மையில் உங்களுக்கு நிலையான முகவரி தேவைப்படுவது பிரிண்டருக்கு மட்டும்தான். அதைத்தான் மற்றவை தேடிப் போகின்றன. கணினிகளில் கோப்புப் பகிர்வோ ரிமோட் டெஸ்க்டாப்போ இல்லையென்றால் அவற்றை ஆட்டோமேட்டிக்கிலேயே விடலாம். மடிக்கணினி என்றால் கட்டாயம் விடுங்கள். அடாப்டரில் பதித்த எண் வெளியிடத்து வைஃபையிலும் கூடவே வந்து இணைப்பைக் கெடுக்கும். பிரிண்டருக்கும்கூட, உங்கள் ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' வசதி இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது தயாரிப்பிலேயே பதித்த அடையாள எண்ணைக் கொடுத்து ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால், கருவியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சில ரவுட்டர்கள் ஒதுக்கும் எண் டிஎச்சிபி வரிசைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்கும். அங்கே 210-ஐ ஏற்காவிட்டால் 199-க்குள் ஓர் எண்ணைக் கொடுங்கள். ஒதுக்கிய பிறகு ரவுட்டர் அதை வேறு யாருக்கும் தராது.

பிரிண்டர் புது எண்ணுக்கு வந்தபின் இரண்டு கணினிகளிலும் 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' தாவலில் பழைய எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது எண்ணுக்கு ஒரு டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து, அதில் டிக் வைத்து, ஒரு சோதனைப் பக்கம் அச்சடித்துப் பாருங்கள்.