ஸ்ட்ரீமருக்குத் தனி டாக் (DAC) வேணுமா? கேட்டவங்களுக்கு பதில்

கேள்வி: அண்ணா, வீம் ப்ரோ (நெட்ல வர்ற பாட்டை ஆம்ப்புக்குக் கொடுக்குற ஸ்ட்ரீமர் டப்பா) வச்சிருக்கேன். 15 ஆயிரத்துக்கு தனியா ஒரு டாக் வாங்கி மாட்டினா சவுண்டு ஏறுமா?

பதில்: காசு போட்டதுக்கு ஏறின மாதிரி தோணும் தம்பி, நிஜமா ஏறுமான்னா சந்தேகம்தான். டாக்குக்கு இருக்குறது ஒரே வேலை, நம்பரா வர்ற பாட்டை அனலாக் சிக்னலா மாத்தணும். சிடி குவாலிட்டி 16 பிட், அதாவது 96 டெசிபல் சொச்சம் ரேஞ்சு, அதை உங்க டப்பா உள்ள இருக்குற சிப்பே சமாளிக்குது, ஃபேன் ஓடுற ரூம்ல அதுக்கு மேல என்னத்த கேக்கப்போறீங்க. அந்த 15 ஆயிரத்தை ஸ்பீக்கர்ல போடுங்க.

கேள்வி: சார், சும்மா சொல்லாதீங்க. ஃப்ரெண்ட் வீட்ல ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டேன், மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்!

பதில்: டாக்ல இருந்து எக்ஸ்எல்ஆர் (மூணு பின் இருக்குற) கேபிள்தானே போட்டிருந்தாரு? அதுல பொதுவா 4 வோல்ட் வரும், ஸ்ட்ரீமரோட ஆர்சிஏல (சாதாரண சிவப்பு-வெள்ளை ஜாக்) 2 வோல்ட் கிட்ட, அதுவே 6 டெசிபல் வித்தியாசம், சத்தமா கேக்குறதை நம்ம காது நல்லா இருக்குன்னுதான் சொல்லும். அடுத்த தடவை 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல்ல புடிங்க. ஒண்ணுல 2.00 காட்டினா இன்னொண்ணுலயும் 2.02க்குள்ள வர்ற வரைக்கும் வால்யூமைத் திருப்புங்க. அப்புறம் எது ஓடுதுன்னு சொல்லாம அவரை மாத்தச் சொல்லிட்டு கேளுங்க, பாதிப் பேரு இங்கயே அமைதியாயிடுவாங்க 😄

கேள்வி: ராஸ்பெரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டரோட ஹெட்போன் ஜாக்ல இருந்து ஆம்ப்புக்கு எடுக்குறேன். பாட்டு மெதுவா போறப்ப இஸ்ஸ்னு ஒரு இரைச்சல்.

பதில்: உங்களுக்கு கண்டிப்பா வேணும் ப்ரோ. அந்த ஜாக்குக்குப் பின்னாடி முறையான டாக் சிப்பே கிடையாது, பிடபிள்யூஎம்ல (சிக்னலை வேகமா ஆன்-ஆஃப் பண்ற முறை) ஒப்பேத்துறாங்க. பை 5ல அந்த ஜாக்கையே தூக்கிட்டாங்க. ஹைஃபைபெரி மாதிரி போர்டு மேல உக்கார்ற டாக் ஒண்ணு போட்டாலே போதும், பெருசா எதுவும் வேண்டாம்.

கேள்வி: யூஎஸ்பி டாக் மாட்டினதுல இருந்து ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு சத்தம் சார், பாட்டை நிறுத்தினாலும் போகல.

பதில்: பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது டப்பாக்களோட எர்த்து கேபிள் வழியா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கரண்ட் சுத்துறது. ஸ்ட்ரீமருக்கும் டாக்குக்கும் நடுவுல யூஎஸ்பிக்குப் பதிலா ஆப்டிகல் கேபிள் போட்டுப் பாருங்க, அதுல வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. பாட்டோட சாம்பிள் ரேட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை பிரச்சினை இல்ல, 192ல சில டப்பா விட்டு விட்டுப் பாடும். அப்பவும் சத்தம் போகலன்னா ஆம்ப்ல செட் டாப் பாக்ஸ் மாட்டியிருக்கான்னு பாருங்க, கேபிள் டிவி ஒயரைக் கழட்டினதும் சத்தம் நின்னா அதான் ஆளு.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போன்தான் யூஸ் பண்றேன், டாக் வாங்கவா?

பதில்: வேண்டாம்மா. உங்க ஹெட்போனுக்கு உள்ளயே ஒண்ணு இருக்கு, வெளிய எது வாங்கினாலும் பாட்டு அது வழியா போகாது.

கேள்வி: டாக்ல இருந்து ஏவி ரிசீவரோட (டிவி, ஸ்பீக்கர் எல்லாம் மாட்டுற ஆம்ப்) அனலாக் இன்புட்ல கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனா ரூம் கரெக்‌ஷன் (ரூமுக்கு ஏத்த மாதிரி சவுண்டைச் சரி பண்ற வசதி) ஆன்ல இருந்தா ரிசீவர் அதைத் திரும்ப டிஜிட்டலாக்கி அதோட சொந்த டாக்லதான் வெளிய விடும், நீங்க காசு கொடுத்து வாங்கினது நடுவுல சும்மா நிக்கும். ஸ்ட்ரீமர்ல இருந்து நேரா ஆப்டிகல்ல கொடுங்க.